தானாகத் திரும்பும் கேமரா

எங்கள் சர்ச்சுக்கு எல்.இ.டி. திரை வந்த அன்று சிலுவை மறைந்துபோனது. பீடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த மரச் சிலுவை அது. எந்தக் காலத்திலோ யாரோ தேக்கில் செய்து கொடுத்தது. திரை அதைவிடப் பெரியது. சிலுவையைக் கழற்றி வேறு சுவரில் மாட்டலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதற்கு, திரையிலேயே சிலுவை வரும், அதுவும் சுற்றிச் சுற்றி வரும் என்று பதில் வந்தது. சொன்னபடி வந்தது. தங்க நிறத்தில், பின்னால் மேகம் ஓட, நிற்காமல் சுற்றியது. தி.நகரில் நகைக்கடை வாசலில் ஓடும் பலகைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மரச் சிலுவை இன்றும் அங்கேயேதான் இருக்கிறது, திரைக்குப் பின்னால், வயர்களோடு.

பதில் சொன்னவர் எங்கள் ஊடக ஊழியத்தின் தலைவர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மேனேஜர். வாரம் முழுக்க அங்கே இருப்பவர்களை விரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களை விரட்டுவார். காதில் எப்போதும் ஒரு ஹெட்செட். ஜெப நேரத்திலும் கழற்ற மாட்டார். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, 'கேமரா டூ, கேமரா டூ' என்று முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் அவர் பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷையில் ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதல் வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புகை விட்டார்கள். மாட்டுத் தொழுவத்தில் எதற்குப் புகை என்று நான் கேட்டேன். வெளிச்சக் கற்றைகள் நன்றாகத் தெரியும் என்றார். பாடகர் குழுவில் இருந்த ஆஸ்துமாக்காரர்கள் மூன்றாவது பாட்டுக்குள் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று இருமினார்கள். உள்ளே மிச்சமிருந்தவர்கள் சமாதானத்தைப் பற்றிப் பாடினார்கள். பிறகு அந்த வீடியோவைப் பார்த்தேன். இருமல் சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வயலின் போட்டிருந்தார்கள்.

அவருடைய பெருமைகளில் பெரியது ஒரு கேமரா. மேடையில் ஆள் நடந்தால் தானாகவே கூடத் திரும்பும். ஒருவரைப் பிடித்துக்கொண்டால், அவர் எங்கே போனாலும் விடாது. அது வந்த ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு நேரத்தில், ஆயரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார்கள். ஆயர் நடந்தார். திரையில் அவர் நடுவிலேயே இருந்தார், பின்னால் இருந்த தூண்கள்தான் நகர்ந்தன. சபை கைதட்டியது. ஒரு மனிதர் எட்டு வைத்து நடந்ததற்கு என் வாழ்நாளில் அப்படிக் கைதட்டிப் பார்த்ததில்லை.

ஆயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்காரர். நல்ல குரல். வினையே அந்தக் குரல்தான். எங்களிடம் மாற்றலாகி வந்த புதிதில் சாதாரணமாகப் பேசுகிற சாதாரண மனிதராகத்தான் இருந்தார். யாரோ அவரிடம் உங்கள் குரல் உலகத்துக்கே போக வேண்டிய குரல் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் அவரைப் பார்க்கலாம். சட்டையில் குட்டி மைக், எதிரே முக்காலியில் போன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு நிமிடச் செய்தி கொடுப்பார். வாக்கிங் போகிறவர்கள் படத்தில் விழாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் தனிமையைப் பற்றித்தான் பேசுவார். தனியாகக் கிடப்பவர்களைத் தேடிப் போங்கள் என்பார். முடிந்ததும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, முடி பறந்திருந்தால், தனியாகக் கிடப்பவர்களைத் தேடிப் போங்கள் என்று இன்னொரு முறை சொல்வார்.

பிறகு சபைக்கென்று ஒரு செயலி வந்தது. காணிக்கை, ஜெப விண்ணப்பம், பாட்டுப் புத்தகம் எல்லாம் அதில்தான். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஆயர் சிரிக்கிற படத்தோடு வாழ்த்து அட்டை தானாகவே வரும். எங்கள் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. அவளை அடக்கம் செய்ததும் இதே சபைதான். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ரோஜாப்பூ போட்ட அட்டை வந்துவிடும், இன்னும் பல்லாண்டு இணைந்து வாழச் சொல்லி. முதல் தடவை அதைப் பார்த்தபோது அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உங்கம்மாவுக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு கேளு" என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது அப்பாவின் வாய் கோணியிருக்கவில்லை.

அந்த ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, ஆனால் தலைக்குள் ஒன்றும் குழறவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருடம் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்தே காலம் தள்ளிய மனிதர். படுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை, வார்த்தைதான் குறைந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அபிராமபுரத்தில் முதல் மாடியில் எங்கள் இருவருக்கும் ஒரு வீடு. நான் நந்தனத்தில் வேலைக்குப் போகும் நேரத்துக்கு, நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் நான் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை இருப்பார். அவர் கத்தோலிக்கர். எங்கள் சபையின் நேரலையை என்னைவிட விரும்பிப் பார்ப்பார். லைட்டு சூப்பராகக் கீது என்பார். அப்பாவை நைனா என்று கூப்பிடுவார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். அன்று ஆராதனை முடிந்ததும், சர்ச்சுக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கு ஆயர் போவார். கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட், அதில் பதித்துவைத்த குட்டிக் கிண்ணம், தட்டு, ரசத்துக்கு ஒரு சீசா. முன்பு இருந்த ஆயர் வெயிலில் ஸ்கூட்டரில் வருவார். அம்மா படுத்திருந்தபோது மாதம் தவறியதில்லை. அப்பம் கொடுத்து, ஜெபம் சொல்லி, பிறகு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு அப்பாவோடு கிரிக்கெட் பேசுவார். அவர் போன பிறகு அம்மா அன்று முழுக்கத் தெம்பாக இருப்பாள்.

அப்பா பெரிய பக்திமான் இல்லை. பிரசங்கம் நீண்டால் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவர். ஆனால் படுத்த பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆயர் வர வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், அவர் வாயில் அப்பம் வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இடது கையால் காட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லுவார். "ஐயா... வருவாரா" என்பார். நான் கேட்டிருக்கிறேன் என்பேன்.

நான் கேட்கத்தான் செய்தேன். ஆராதனை முடிந்து படிக்கட்டில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்த ஆயரிடம் சொன்னேன். அப்படியா அக்கா, நிச்சயமாக ஜெபிக்கிறேன் என்றார். ஜெபம் இருக்கட்டும், வீட்டுத் திருவிருந்துக்கு எப்போது வருவீர்கள் என்றேன். செயலியில் போட்டுவிடுங்கள், நேரம் ஒதுக்குவார்கள் என்றார். போட்டேன். மேய்ப்பர் சந்திப்பு என்ற இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது: நேரில், இணைய வழியில். நேரில் என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. எத்தனை தடவை அழுத்தினாலும் அது அழுந்தவில்லை. அடுத்ததை அழுத்தினேன், வேறு வழியில்லாமல். மறு நொடியே நன்றி சொல்லிப் போன் திரையில் ஆயர் சிரித்தார்.

சர்ச்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். மந்தைவெளி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நடந்தாலும் அரை மணிக்கு மேல் ஆகாது. அந்தத் தூரத்துக்கு அவர்கள் கூரியர் அனுப்பினார்கள். உறைக்குள் பிளாஸ்டிக்கில் ஒரு குட்டிக் கோப்பை. மேல் காகிதத்தைக் கிழித்தால் அப்பம், அடுத்த காகிதத்தைக் கிழித்தால் ரசம். ரயிலில் கொடுக்கிற ஊறுகாய்ப் பொட்டலம் மாதிரி இருந்தது. கூடவே ஒரு சீட்டு: ஆயர் திரையில் ஆசீர்வதித்ததும் வீட்டில் உள்ளவர் பிரித்துக் கொடுக்கவும். சந்திப்பு நேரம் சனிக்கிழமை மதியம் என்று போனில் வந்தது.

அன்று அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டோம். தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தோம். நொச்சிக்குப்பத்துப் பெண்மணி அவருக்குப் பவுடர் பூசி, எண்ணெய் வைத்துத் தலை வாரினார். ஆயர் போனில் வருகிறார் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அப்பாவின் கண் இரண்டு தடவை வாசல் பக்கம் போனது.

மணி அடித்தது. ஆயர் வந்தார். முகத்துக்கு எதிரே வட்ட விளக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிந்தன, கண் தெரியவில்லை. எப்படி இருக்கீங்க ஐயா என்று உலகத்துக்குப் போக வேண்டிய அந்தக் குரலில் கேட்டார். அப்பா பதில் சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரம் ஆகும். அது வருவதற்குள் ஆயர் ஆமென் போட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஜெபம் சொன்னார். அப்பத்தை எடுத்தார். நான் காகிதத்தைக் கிழித்துத் தயாராக நின்றேன். அப்பா வாயைத் திறந்தார்.

திரையில் ஆயர் அப்பத்தை உயர்த்தினார். வசனம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

கையில் அப்பத்தோடு வாயைப் பிளந்தபடி ஆயர் அங்கே. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தபடி அப்பா இங்கே. நான் போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினேன். தட்டினேன். நொச்சிக்குப்பத்துப் பெண்மணி நெட்டு பூட்ச்சா என்றார். அப்பாவின் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்துவிடப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். வாயை மூடவில்லை. அவ்வளவு பொறுமையை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் திரை கறுத்தது. அப்பா மெல்ல வாயை மூடினார். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்தார். "அவனே... தின்னுட்டான்... போல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நானே கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் செயலி மணி அடித்தது. உங்கள் மேய்ப்பர் சந்திப்பு நிறைவேறியது, அனுபவம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்றது. அந்தப் பிளாஸ்டிக் கோப்பையைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வீட்டில் வைக்கவும் மனம் வரவில்லை. துளசிச் செடி இருந்த தொட்டியில் ரசத்தை ஊற்றினேன்.

அந்த வாரம் அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கஞ்சி இரண்டு ஸ்பூன், பிறகு வாயை இறுக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் என்னை வாசல்வரை அழைத்துப்போய், சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த டாக்டர். அவருக்கு எங்கள் வீட்டுக்கு வழி தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்பே, ஆயர் அங்கி மாற்றும் அறைக்குப் போனேன். ஆயர் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார், ஊடகத் தலைவர் அவர் காலரில் மைக் மாட்டிக்கொண்டிருந்தார். மேஜை மேல் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. பார்த்ததும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. எடுத்து வைத்திருக்கிறார்கள், வரப்போகிறார் என்று நினைத்தேன். ஊடகத் தலைவர் பேசிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். சிவப்பு வெல்வெட்டில் கிண்ணம் இருந்த குழியில் பென்சில் பேட்டரிகள் கிடந்தன. தட்டு இருந்த இடத்தில் திரையின் ரிமோட். இரண்டு பேட்டரி எடுத்து மைக்கில் போட்டுவிட்டு, டப்பென்று மூடினார். குழி அளவுக்குக் கச்சிதமாக உட்காருகிறது, உருளவில்லை, அதனால் வைத்திருக்கிறோம் என்று என்னிடம் விளக்கமும் சொன்னார்.

அப்பாவின் நிலையை ஆயரிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் முகம் வாடியது, அதை நான் மறுக்க மாட்டேன். அன்றைக்கு நெட்வொர்க் சரியில்லை அக்கா, மறுபடி நேரம் போட்டுவிடலாம் என்றார். நேரம் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றேன். அவர் ஊடகத் தலைவரைப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் வெளிநாட்டில் இருப்பவர்களோடு இணையக் கூடுகை இருக்கிறது, அதற்குப் பிறகு வாரம் முழுக்கப் படப்பிடிப்பு என்று இவர் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற குரலில், "மேடம், நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு வீட்டுக்குப் போனா ஒருத்தர்தான் பாக்கறாங்க" என்றார்.

"அந்த ஒருத்தர் எங்கப்பா சார்" என்றேன்.

அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. ஹெட்செட்டில் யாரோ ஏதோ சொன்னார்கள், லைவ் லைவ் என்று ஆயரை முதுகில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஆயர் திரும்பிப் பார்த்தார். அதோடு சரி. எனக்கு ஊடகத் தலைவர் மேல் கோபம் இல்லை, கரப்பான்பூச்சி மேல் யாருக்குக் கோபம் வரும். படித்து, முழங்காலில் நின்று, தலையில் கைவைத்து அபிஷேகம் வாங்கிய மனிதர், ஒரு ஹெட்செட் தள்ளிய பக்கம் போனார் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பா கண்ணைத் திறப்பதே குறைந்திருந்தது. போகவா வேண்டாமா என்று நின்றேன். "போ" என்றார். நேரலையைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லி டி.வி.யைக் கண்ணால் காட்டினார். நொச்சிக்குப்பத்துப் பெண்மணி நான் பார்த்துக்கிறேன் என்றார்.

நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. போட்டிருந்தால் நல்ல செருப்பாவது போட்டிருப்பேன். வரிசையில் நின்றேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் பொதுக் கிண்ணம் கிடையாது. அப்பத்தை ரசத்தில் தோய்த்து உள்ளங்கையில் வைப்பார்கள். அங்கேயே, முழங்காலில் இருந்தபடியே உட்கொள்ள வேண்டும். ஒரு துணுக்கைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சின்ன வயதிலேயே எங்கள் மண்டையில் ஏற்றப்பட்ட சட்டம். மிஞ்சியதைக்கூட ஆயர்தான் உண்டு முடிப்பார். அந்தச் சட்டத்தை நான் மதித்தே வளர்ந்தவள்.

முழங்காலிட்டேன். கையை நீட்டினேன். ஆயர் என் முன்னால் வந்தார். அப்பத்தைத் தோய்த்தார். வசனத்தைச் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, நடு வழியின் கோடியில், முக்காலியில் நிற்கிற அந்தக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். அப்பம் என் கையில் விழுந்தது. ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

நான் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இடது கையை மேலே மூடிக்கொண்டு எழுந்தேன். திரும்பி, வரிசை கலைந்து போகிற பக்கவழியில் போகாமல், நடு வழியில் வாசலைப் பார்த்து நடந்தேன். அக்கா என்று ஆயர் கூப்பிட்டார். மைக் வழியாக அது சர்ச் முழுக்கக் கேட்டது. பாடகர் குழு பாட்டை நிறுத்தவா தொடரவா என்று தெரியாமல் இழுத்தது. தூணுக்குத் தூண் மாட்டியிருந்த டி.வி.களில் யாரோ ஒரு நரைத்த தலைப் பெண் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். நான்தான்.

அந்தக் கேமரா என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், நடக்கிற ஆளை விடக் கூடாது. ஊடகத் தலைவர் மேஜையில் எதையெதையோ அழுத்தினார். வேற கேமரா போடு, வேற போடு என்று அடித்தொண்டையில் கத்தினார். அது அவருடைய மைக்கிலும் போய் எல்லாருக்கும் கேட்டது. நான் அதை நெருங்கினேன், அதன் முகம் மேலே எழும்பியது. கடந்து போனேன், அது கழுத்தைத் திருப்பிக்கொண்டு என் முதுகைப் பார்த்தது. வாசல்படி இறங்கி, வெயிலுக்குள் போய், வேப்பமரத்தைத் தாண்டி, கேட்டைத் திறக்கும்வரை அது என்னை விடவில்லையாம். பிறகு சொன்னார்கள். இணையத்தில் இருந்த பதிவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அலைகளும் சூரிய உதயமும் போட்டிருக்கிறார்கள். என்னைக் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. அது இங்கே தேவையில்லை.

ஆட்டோ கிடைத்தது. அபிராமபுரம் என்றேன். டிரைவர் கண்ணாடியில் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூடிய விரல்களுக்கு நடுவே சிவப்பாகக் கசிந்து மணிக்கட்டுக்கு ஓடியிருந்தது. சிக்னலில் நின்றபோது, "இன்னாக்கா, கை கட் ஆயிட்ச்சா? ஆஸ்பிட்டல் போலாமா?" என்று கேட்டார். வீட்டுக்குப் போங்க, மெதுவாகப் போங்க, பள்ளம் பார்த்துப் போங்க என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, முட்டைக் கூடை ஏற்றிக்கொண்டு போவதைப் போல ஓட்டினார். இறங்கியதும் பணம் அனுப்பப் போனை இடது கையால் எடுக்க முடியாமல் தடுமாறினேன். அப்புறம் குடுக்கா, இங்கதான நிக்கறேன் என்றார். அந்தக் காலையில் யாரும் என்னோடு இவ்வளவு பேசவில்லை. படியேறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாடிக் கதவு திறந்தே இருந்தது. நொச்சிக்குப்பத்துப் பெண்மணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே டி.வி.யில் ஆயர் பேசிக்கொண்டிருந்தார். சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பைக் காலாலேயே உதறினேன். அப்பா முழிச்சிருக்காரா என்றேன்.

"நீ எந்திரிச்சி நடந்துகினு வந்த பாரு, அப்பவே கண்ண முழிச்சி பாத்துட்டாரு. கேட்டாண்ட நீ போனதும் வாயத் தொறந்தாரு" என்றார். "அக்கா வர நேரமாவும், மூடிக்கோ நைனா, ஈ பூந்துடப் போவுதுன்னு சொல்லிக்கினே கீறேன். மூடவே மாட்டேன்றாரு."

அவரைத் தாண்டி உள்ளே பார்த்தேன். தலையணையில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைத் தானே இடது கையால் கோணலாகப் போட்டுக்கொண்டு, அப்பா வாயைத் திறந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.